அழகாக இருக்கும்படி உத்தரவு

அக்டோபர் 3, வியாழன்

இன்ஸ்பெக்டர் ஐயா இன்று என்னை அழகாக இருக்கும்படி உத்தரவிட்டார். எழுத்தில் இல்லை, வாய்மொழியாகத்தான். எழுத்தில் கொடுத்திருந்தால் லேமினேட் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

விஷயம் இதுதான். தீபாவளிக் கூட்டம் இப்போதே மலைக்கோட்டையைச் சுற்றி ஆரம்பித்துவிட்டது. என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் ஒரு பெண் செயின் கழற்றுகிறாள். அறுப்பதில்லை, பிடுங்குவதில்லை, கொக்கியை நாசூக்காகக் கழற்றிக்கொண்டு போகிறாள். கேமராவில் அவள் முதுகு மட்டும் விழுந்திருக்கிறது. பட்டுச் சேலை, தலை நிறைய பூ, கல்யாண வீட்டுக்கு வந்த முதுகு. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "ரொம்ப டீசண்டான பொம்பளைங்க."

ஆகவே நான்கு பெண் போலீஸ் மஃப்டியில் போக வேண்டும். நான், ஏட்டம்மா அமலோற்பவம், போன வருடம் வேலைக்கு வந்த இரண்டு பிள்ளைகள். சாதாரணப் பெண்கள் மாதிரி இருக்க வேண்டும் என்றார் ஐயா. "ஆள் பாதி, ஆடை பாதிம்மா" என்று பழமொழியும் சொன்னார். என் விஷயத்தில் ஆடையே முழுசு ஐயா, ஆள் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்ல நினைத்தேன். "யெஸ் ஐயா" என்றேன்.

பிறகு என்னை மட்டும் நிறுத்தி, "தவமணி, தீபாவளிக்குள்ள அவளைப் பிடிச்சுக் காட்டு, உன்னை கிரைம் டீமுக்கு எழுதுறேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்பது அது ஒன்றைத்தான். பெண் போலீஸ் என்றால் திருவிழாவில் கயிறு பிடிக்க, ஊர்வலத்தில் கயிறு பிடிக்க, மந்திரி வந்தால் கயிறு பிடிக்க. மாட்டுக்காரன்கூட ஒரு கட்டத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு உட்காருவான். திருடனைப் பிடிக்கத்தான் நான் போலீஸுக்கு வந்தேன். இந்தத் தீபாவளியில் விட்டால் ரிட்டயர் ஆகும்வரை கயிறுதான்.

டூட்டிக்கு எழுதும் டைரி தனி. அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் இனாமாகக் கொடுத்தது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்து விளம்பரம் இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

முதல் நாள். எங்களை யாராவது வீடியோ எடுத்திருந்தால் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

கிளம்பும்போது பீரோவைத் திறந்தேன். காக்கி, நைட்டி, முகூர்த்தப் பட்டு, பிறகு நாத்தனார்கள் பல வருடங்களாகத் தங்களுக்குப் பிடிக்காமல் எனக்குத் தள்ளிவிட்டவை. அவற்றில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான். அமலோற்பவம் அக்காவின் மகள் கல்யாணத்துக்காக ஸ்டேஷன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த கிளிப்பச்சை, அரக்கு பார்டர். அதைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

மற்ற மூவரும் அதே யோசனையோடு வந்திருந்தார்கள். அதே கிளிப்பச்சை, அதே அரக்கு பார்டர். மாற்றிக்கொள்ள நேரமில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி நான்கு மூலையில் நான்கு பச்சைச் சேலைகள், காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி நின்றோம். அமலோற்பவம் அக்கா முழங்கால் வலி என்று சேலைக்குக் கீழே யூனிஃபார்ம் பிரவுன் ஷூவே போட்டிருந்தார். ஜூஸ் கடைக்காரர் தானாக வந்து நாலு சாத்துக்குடி கொடுத்து, "மேடம், இன்னைக்கு மஃப்டியா?" என்று அக்கறையாகக் கேட்டார். பழைய பிக்பாக்கெட் ஒருவன் வணக்கம் வைத்துவிட்டு, மனைவியோடு துணி எடுக்கத்தான் வந்தேன், சந்தேகப்படாதீங்க என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் மீனலோசனி சில்க்ஸில் ஒரு செயின் போனது. எனக்குக் கூப்பிடு தூரம். அந்த அம்மா கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், ஒரு கையில் எடுத்த சேலையின் பை, மறு கையால் வெறும் கழுத்தை மூடிக்கொண்டு. என்னைப் பார்த்ததும், "நீங்கல்லாம் இங்கதானே நின்னீங்க" என்றார்.

சாயங்காலம் ஐயா எங்கள் நால்வரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். பேண்டு வாத்தியம் மட்டும்தான் குறை என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

யூடியூப் பார்த்தேன். 'ஆரம்பநிலையாளர்கள் தங்கள் ஸ்டைலைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று ஒரு பெண் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். எதையும் தொலைத்திருக்க மாட்டாள், அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

முதலில் மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டுமாம். பச்சையாக இருந்தால் ஒருவகை நிறம் பொருந்தும், நீலமாக இருந்தால் வேறுவகை. என் மணிக்கட்டில் போன மாதம் ஒரு குடிகாரன் கடித்த தழும்பு இருக்கிறது, அதற்கு என்ன நிறம் பொருந்தும் என்று சொல்லவில்லை. அடுத்தது முக வடிவம். ஓவல், வட்டம், இதயம், வைரம் என்று படம் போட்டுக் காட்டினாள். கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். என் முகம் பாஸ்போர்ட் சைஸ்.

கடைசியில், 'உங்களை மூன்று வார்த்தைகளில் விவரியுங்கள், அதுதான் உங்கள் ஸ்டைல்' என்றாள். பெயர், நம்பர், ஸ்டேஷன். மூன்று ஆகிவிட்டது.

மாலையில் ஃபேன்சி ஸ்டோரில் ஃபவுண்டேஷன் வாங்கிப் பூசினேன். கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்தது தந்த நிறம். காய்ந்ததும் பெயிண்ட்டுக்கு முன்னால் சுவருக்கு அடிக்கும் பட்டி மாதிரி இருந்தது. நெற்றியில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் குணா ஷிஃப்ட் முடிந்து துவாக்குடியிலிருந்து வந்தார், என்னைப் பார்த்தார், நின்றார்.

"உடம்பு சரியில்லையா?" என்றார்.

இல்லை என்றேன். அப்படியானால் தோசை ஊற்று என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

பாலக்கரையில் பெனாசிர் என்ற பெண் பார்லர் வைத்திருக்கிறாள். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு போனது என் தப்பு. புருவம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஒரு புருவத்தோடு எழுந்து போய்விட்டாள். பெனாசிர் நான் வாய் திறப்பதற்கு முன்னால் லைசென்ஸ், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டாள். நான் அழகாக வேண்டும் என்று அவளிடம் சொல்லிப் புரியவைப்பதற்கு, எத்தனையோ பேரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்ததைவிட அதிக நேரம் ஆனது.

புரிந்த பிறகு அவள் என்னைவிடக் கண்டிப்பான ஆள் என்று தெரிந்தது. இரண்டு புருவத்தையும் வில்லாக வளைத்துவிட்டாள். இனி நான் எந்தச் செய்தி கேட்டாலும் ஆச்சரியப்பட்ட மாதிரிதான் இருப்பேன். அந்தத் தந்த நிற பாட்டிலைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் கோலம் போடலாம் என்றாள். என் நிறத்துக்கு ஏற்றதைத் தேடி எடுத்து, பட்டாணி அளவு போதும் என்று கையில் தடவிக் காட்டினாள். மையைக் கண்ணுக்குள் இழு, லிப்ஸ்டிக்கை உதட்டில் வைத்துவிட்டு டிஷ்யூவால் ஒற்றி எடு, கொண்டையைக் கலைத்துப் பின்னல் போடு. கொண்டையை அவிழ்த்தபோது ஹேர்பின்கள் ஒரு கைப்பிடி விழுந்தன. "இதெல்லாம் தலைக்குள்ளயா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்து கண்ணாடி முன்னால் எழுந்து நின்றேன். அவளுக்குத் திருப்தி வரவில்லை. என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"மேக்கப் எல்லாம் சரிதான் மேடம். ஆனா நீங்க ஆளுங்களப் பாக்குற பார்வை இருக்கே, எல்லாரையும் அக்யூஸ்டு மாதிரியே பாக்குறீங்க. கடைவீதிக்கு வர்ற பொம்பள யாரு மூஞ்சியவும் பாக்க மாட்டா. அடுத்தவ என்ன சேலை கட்டிருக்கான்னுதான் பாப்பா. நீங்களும் சேலையைப் பாருங்க. அப்புறம் கையை முன்னாடி கொண்டாங்க, பின்னாடி கட்டாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சேலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஸ்டேஷனில் ஆயுத பூஜை. துப்பாக்கி, லத்தி, ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம் பொட்டு. ரைட்டர் என் கைப்பையைக் காட்டி, லிப்ஸ்டிக்கையும் எடுத்து வைங்க மேடம், இந்த வருஷம் உங்க ஆயுதம் அதுதானே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் எடுத்து வைத்தேன். அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

டூட்டிக்காக ஒரு சேலை எடுக்கப் போனேன். டூட்டிக்காகத்தான்.

யோசித்துப் பார்த்தால் நானே தனியாகப் போய் எனக்கென்று சேலை எடுப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு மாமியார் எடுத்தார், பிறகு நாத்தனார்கள், பிறகு அரசாங்கம். விற்பனைப் பையன் விரிப்பில் உட்கார்ந்து, என்ன கலர் பாக்குறீங்க மேடம் என்று கேட்டான். ஓடிப்போகிற ஒருவனை ஒரு தடவை பார்த்தால் உயரம், சட்டை நிறம், செருப்பு, மச்சம் வரைக்கும் சொல்லிவிடுவேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது விசாரித்தால் துப்பு இல்லாத கேஸ்.

அவன் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் கண்ணாடியில் காட்டினான். நீலம் போலீஸ் ஜீப் சைரன் விளக்கு மாதிரி இருந்தது. பச்சை வேண்டாம் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகு மாம்பழக் கலரில் ஒன்று, மெல்லிய மெரூன் பார்டர். அதைப் போட்டதும் அவன் அடுத்த சேலைக்குக் கை நீட்டவில்லை. பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் மகளைத் தட்டி என்னைக் காட்டினார்.

வீட்டில் கட்டிப் பார்த்தேன். பயிற்சிக்காக. மகன் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, நீ டிவில வர்ற டீச்சர் மாதிரி இருக்க" என்றான். அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுச் சமைத்தேன். குணா வருகிற நேரத்தில் இன்னொரு தடவை கட்டிப் பார்த்தேன். அதுவும் பயிற்சிக்காகத்தான். அவருக்கு ஓவர்டைம், வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வெற்றி. ஜூஸ் கடைக்காரர் என்னிடம் காசு கேட்டார்.

இந்த ரோந்து பீட்டில் இத்தனை வருடமாக அந்த மனிதர் என்னிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. இன்று டம்ளரை வைத்த கையோடு, "அக்கா, சில்லறையா குடுங்க" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. மாம்பழக் கலர், பின்னல், இரண்டு முழம் பூ, முகத்தில் பட்டாணி அளவு. கைகள் முன்னால். ஸ்டேஷன் தரப்பிலிருந்து கொடுத்த கனமான கவரிங் செயின் கழுத்தில், தூண்டிலில் புழு மாதிரி. அது தோலை அரித்துக் கழுத்தே சிவந்துவிட்டது. சாதாரணப் பெண்ணாக இருப்பதன் மற்ற சலுகைகளும் கிடைத்தன. சின்னக்கடை வீதி நெரிசலில் ஒருவன் வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போனான். காக்கியில் இருக்கும்போது இதே சந்தில் எனக்கு முன்னால் பாதை தானாகத் திறக்கும். வேஷம் கலையக் கூடாது என்று அவனைப் பிடிக்கவில்லை. மன்னிக்கவும், கால் தவறி அவன் கால் கட்டைவிரல்மேல் ஏறிவிட்டது. சேலைக்குக் கீழே ஹீல்ஸ் போடலாம் என்று பெனாசிர் சொன்னது எவ்வளவு நல்ல யோசனை என்று அப்போதுதான் புரிந்தது.

அமலோற்பவம் அக்கா இன்னும் பிரவுன் ஷூதான். அவரை நூறு அடி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் கிளம்பும்போது குணா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். இரண்டு நொடி பார்த்தார்.

"டூட்டிக்கு இவ்வளவு தேவையா?"

ஐயா உத்தரவு என்றேன். சரி என்று பேப்பரை உயர்த்திக்கொண்டார். நல்ல மனிதர். குடி இல்லை, அடி இல்லை, சம்பளத்தை அப்படியே கொடுக்கிறார். நான் எதையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. சாவி தேடினேன், அதனால்தான் கொஞ்சம் அதிகமாக நின்றேன். சாவி கையில்தான் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

இன்று ஒரு செயின் போனது. மீனலோசனி சில்க்ஸ், முதல் மாடி. நான் அதே மாடியில் இருந்தேன்.

எழுதிவிடுகிறேன். இதில்கூட மறைத்தால் பிறகு எங்கே சொல்வது. ஷோகேஸ் பொம்மைக்கு ஒரு கத்தரிப்பூக் கலர் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேலையைப் பார் என்று பெனாசிர் சொன்னது வேஷத்துக்காக. இது வேஷம் இல்லை. சத்தம் கேட்டுத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க மணப்பாறையிலிருந்து வந்தவர். புருஷனிடம் என்ன சொல்வேன் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல டீசண்டான பொம்பளையாம், சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டாளாம்.

ஐயா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமைதான் கடைசிக் கூட்டம். அதுக்கப்புறம் நீ பந்தோபஸ்துக்கே போயிடும்மா, அதான் உனக்கு சரி" என்றார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, கண்மை கலையும் என்று அடக்கினேன். அழகு என்னைத் திருத்தியிருக்கிறது, முன்பெல்லாம் ரெக்கார்டு ரூமுக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வருவேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

கிடைத்தாள்.

கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். மாடிப்படியில் காலைத் தூக்கினால் கீழே வைக்க இடமில்லை. கவரிங் செயின் கழுத்தைப் புண்ணாக்கிவிட்டதால் அதைக் கழற்றிவிட்டு, என் சொந்தச் செயினைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். உத்தரவுக்கு விரோதம். அமலோற்பவம் அக்கா, உனக்கென்ன பைத்தியமா, தாலிச் செயினைக் கொண்டுபோய் திருடிக்கு நீட்டுறியே என்று திட்டினார். கழுத்து அரிக்குது அக்கா என்றேன். மாம்பழக் கலருக்கு அந்தக் கவரிங் கொஞ்சமும் பொருந்தவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் மாடியில் கண்ணாடித் தூண் பக்கத்தில் ஒரு சேலையைப் பிரித்துப் பார்ப்பது போல நின்றேன். கவுண்டரில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். செம்பு நிறப் பட்டு, என் வயதுதான் இருக்கும். தன் கையிலிருந்த சேலையின் ஒரு முனையைக் கொடுத்து, கொஞ்சம் பிடிச்சுக்கோங்கக்கா, நீளம் பாக்கணும் என்றாள். பிடித்தேன். நாத்தனாருக்கு எடுப்பதாகவும், எதை எடுத்தாலும் அவளுக்குப் பிடிக்காது என்றும் சொன்னாள். எனக்கும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன். சிரித்தோம். பிறகு அவள் ஒரு அடி பின்னால் போய் என்னைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, நிதானமாக.

"இந்த மாம்பழக் கலர் உங்களுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமாக்கா? எல்லாருக்கும் அமையாது இது. வீட்டுக்காரர் எடுத்ததா?"

"இல்ல. நானே எடுத்தேன்."

"அதானே. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது."

அந்த நிமிடத்தில் ஒரு போலீஸ்காரி கவனித்திருக்க வேண்டியவை நிறைய இருந்தன. அவள் உயரம், கூட யாராவது இருக்கிறார்களா, கை எங்கே இருக்கிறது. எதையும் கவனிக்கவில்லை. எனக்குக் காது சூடாகியிருந்தது. பின்னாடி மடிப்பு தூக்கிட்டு நிக்குதுக்கா, இருங்க என்று என் தோள்பக்கம் வந்தாள். மணப்பாறைக்கார அம்மா இதே வார்த்தையை என்னிடம் சொல்லி முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

கழுத்துக்குப் பின்னால் விரல் பட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்காக அடித்துப் பழக்கிய கை, என்னைக் கேட்காமலேயே பின்னால் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி முதுகுக்குக் கொண்டுபோயிருந்தது. என் வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. தேங்க்ஸ் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். அவள் விரலிடுக்கில் என் செயின், கொக்கி கழன்று தொங்கியது. திருடி என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் ஐயோ என்று கத்தினாள். டீசண்டான பொம்பளையை ஒருத்தி மடக்கிப் பிடித்திருக்கிறாள் என்று கடைப் பையன்கள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸைக் கூப்பிடு, போலீஸைக் கூப்பிடு என்று கூட்டம். நான்தாங்க போலீஸ் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. பூமாலை வாங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவர், "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஃபிராடு" என்றார். பெனாசிர் இதைக் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாள். அதற்குள் அமலோற்பவம் அக்கா படியேறி வந்தார். அந்த பிரவுன் ஷூவைப் பார்த்ததும் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குணாவிடம் நடந்ததைச் சொன்னேன். பேப்பரில் வரும் என்றும் சொன்னேன்.

"செயின் பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 28, திங்கள்

அவள் நான்கு பெயர் சொன்னாள். ரேஷன் கார்டில் இருப்பது சுகுணா. மீனலோசனியில் போன இரண்டு செயினையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள், மற்றவை கைமாறிவிட்டன. மணப்பாறைக்கு நானே போன் செய்து சொன்னேன். அந்த அம்மா போனை வைக்காமல் அழுதுகொண்டே இருந்தார்.

காலையில் ஐயா ரூமில் கடை கேமரா பதிவைப் போட்டார்கள். இந்தத் தடவை முதுகு இல்லை, இரண்டு பேர் முகமும் விழுந்திருக்கிறது. அவள் ஒரு அடி பின்னால் போய்ப் பார்க்கிறாள், ஏதோ சொல்கிறாள், நான் சிரிக்கிறேன். ஐயா நிறுத்தச் சொல்லித் திரும்பப் போடச் சொன்னார். "அந்தச் சிரிப்பைப் பாருய்யா. வெட்கப்படுது பாரு! சினிமாக்காரிகூட இப்படி நடிக்க மாட்டா" என்று ரைட்டரிடம் சொன்னார். மறுபடியும் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கிரைம் டீமுக்கு எழுதிவிட்டார், தீபாவளி முடிந்ததும் ஆர்டர் வரும். அடுத்த மாதம் மற்ற ஸ்டேஷன் பெண்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம், இயல்பாகச் சிரிப்பது எப்படி என்று. சந்தோஷம்தான். இத்தனை வருட ஆசை. ஆனால் அந்தத் திரையில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நடிப்பு இல்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கயிறு பிடிக்க அனுப்பிவிடுவார்.

வாக்குமூலம் எழுதும்போது ரைட்டர், அக்யூஸ்டு என்ன பேசி உங்க கவனத்தைத் திருப்பினாள் என்று கேட்டார். துணியைப் பற்றி என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்தார். மகளிர் சிறைக்குக் கொண்டுபோகும் எஸ்கார்ட்டில் நானும் அமலோற்பவம் அக்காவும். மீண்டும் காக்கி, மீண்டும் கொண்டை. வேனில் சுகுணா எதிரில் உட்கார்ந்து, வெகுநேரம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். பிறகு தெரிந்துகொண்டாள். பட்டு இல்லாமல், பூ இல்லாமல், ஸ்டேஷனில் கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு சின்னதாகத் தெரிந்தாள். அக்கா ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டார்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா?" என்றாள்.

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன், சேலை நல்லாருக்கு, கலர் நல்லாருக்குன்னு. அது தொழிலு. அத்தனையும் பொய்யி. உங்ககிட்ட மட்டும் பொய் சொல்ற வேலையே இல்ல. நிஜமாவே நல்லா இருந்தீங்க."

"வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். சிறை வாசலில் இறக்கி, ஒப்படைத்து, கையெழுத்து வாங்கினோம். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு சாத்தியதும் சட்டைக் காலருக்குள் கை விட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். செயின் இருந்தது. வாட்ச், மோதிரம், பை எல்லாம் இருந்தன. எதையும் எடுக்காமல்தான் சொல்லியிருக்கிறாள்.